தாயை இழந்த குரங்குக் குட்டியை இன்னொரு குரங்கு வளர்க்குமா?

கேள்வி இது: "மலைப்பாதையில் வண்டி அடித்துச் செத்துப்போன ஒரு குரங்கின் மேல் அதன் குட்டி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மனசே சரியில்லை. காட்டுக் குரங்குகள் இப்படி அநாதையாகும் குட்டிகளைத் தத்தெடுத்து வளர்க்குமா? வேறு இனத்துக் குட்டியைக்கூட வளர்த்திருக்கின்றன என்கிறார்களே, உண்மையா? அதைப் பாசம் என்று சொல்லலாமா?"

வளர்க்கும். அதற்குக் கண்ணால் பார்த்து எழுதி வைத்த சாட்சிகள் நிறைய உண்டு. ஆனால் எந்தக் குரங்கு, குட்டிக்கு என்ன வயது, கூட்டத்தில் அந்த நேரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாக மாறிவிடும். பல வருடமாக இந்த விஷயத்தைத் தேடிப் படித்து வருகிறேன். மலையடிவாரக் கோயில்களில் நாட்டுக்குரங்குகளைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்தும் இருக்கிறேன். எனக்குப் புரிந்தவரை குட்டியைத் தூக்குவது ஒரு காரியம், வளர்ப்பது இன்னொரு காரியம். குட்டியைக் கண்டால் கை நீட்டும் ஆசை பல குரங்கினங்களில் இருக்கிறது. அதே ஆசை ஒரு குட்டியைப் பிழைக்கவும் வைக்கும், சாகவும் விடும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு நேர்மையான பதிலாக இருக்கும்.

வேறு இனத்துக் குட்டியை வளர்த்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது உண்மை. நடந்த இடம் பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் பியாவி மாநிலம், போவா விஸ்டா என்ற வறண்ட நிலப்பகுதி. அங்கே வாழும் கபுச்சின் குரங்குகள் ஏற்கெனவே பேர் வாங்கியவை. பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டு, பனை வகைக் கொட்டைகளை உடைத்துத் தின்பவை. அந்தக் கூட்டங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் 2004இல் ஒரு கூட்டத்துக்குள் பொருந்தாத சின்ன உருவம் ஒன்றைப் பார்த்தார்கள். அது மார்மோசெட் என்ற மிகச் சிறிய குரங்கின் குட்டி. வளர்ந்த கபுச்சின் இரண்டு மூன்று கிலோ இருக்கும். வளர்ந்த மார்மோசெட்டே அரைக்கிலோ தேறாது. குட்டி என்றால் உள்ளங்கையில் அடங்கும். இரண்டும் ஒரே இனம் இல்லை, இனத்துக்கு மேலே உள்ள பேரினமும் வேறு.

அந்தக் குட்டிக்கு ஃபோர்துனாட்டா என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் அதிர்ஷ்டக்காரி என்று அர்த்தம். கூட்டத்தில் இரண்டு பெண் கபுச்சின்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அதற்குத் தாயாக இருந்தன. சுமந்துகொண்டு போயின, பக்கத்திலேயே வைத்துக்கொண்டன. 14 மாதங்கள் அது அந்தக் கூட்டத்தின் பிள்ளையாகவே வாழ்ந்ததை பட்ரீசியா இசாரும் அவருடைய குழுவினரும் பதிவு செய்து 2006இல் வெளியிட்டார்கள். அந்தப் பதிவில் என்னை மிகவும் தொட்ட செய்தி வளர்ப்புத் தாய்களைப் பற்றியதுகூட இல்லை. கூட்டத்தின் மற்ற குரங்குகள் ஃபோர்துனாட்டாவோடு விளையாடும்போது தங்கள் பலத்தைக் குறைத்துக்கொண்டனவாம். தங்களுக்குள் கட்டிப் புரளுகிற வேகத்தில் அதைப் பிடித்திருந்தால் ஒரு நாள்கூட அது தாங்கியிருக்காது. இது சின்னது, பார்த்துப் பிடிக்க வேண்டும் என்ற அளவுக்கு அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கிறேன். மார்மோசெட்டின் சொந்தக் குடும்பத்திலும் குட்டி தாயிடம் மட்டுமே இருக்காது. வழக்கமாக இரட்டைக் குட்டிகள் பிறக்கும். பிறந்த உடனேயே அப்பாவும் மூத்த பிள்ளைகளும் முறை வைத்துச் சுமப்பார்கள், தாய் பால் கொடுக்க மட்டும் வாங்கிக்கொள்ளும். முதுகு மாறி முதுகு போவது அந்தக் குட்டிக்குப் பிறவிப் பழக்கம். கபுச்சின் கூட்டத்தோடு அது ஒட்டிப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இந்தக் கதையோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே கபுச்சின் வகையைச் சேர்ந்த இன்னொரு இனம், பனாமாவில், இதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தது.

பசிபிக் கடலில் கோய்பா தேசியப் பூங்காவுக்குள் ஹிக்கரோன் என்று ஒரு சிறு தீவு. அங்குள்ள வெள்ளைமுகக் கபுச்சின்களும் கல்லைக் கருவியாகப் பயன்படுத்துபவை. அதைப் படம்பிடிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டுக்குள் தானியங்கிக் கேமராக்களை வைத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் ஓர் இளம் ஆண் கபுச்சினின் முதுகில் ஊளைக் குரங்கின் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது படத்தில் வந்தது. வாயோரம் தழும்பு இருந்ததால் அந்த ஆணுக்கு ஜோக்கர் என்று பெயர். பார்த்தவர்கள் இதுவும் ஃபோர்துனாட்டா போலத் தத்துதான் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் அதே ஜோக்கர் அடுத்தடுத்து வேறு குட்டிகளோடும் வந்தது. சில மாதம் கழித்து இன்னும் நான்கு இளம் ஆண்கள் அதே வேலையில் இறங்கின. 15 மாதங்களில் மொத்தம் 11 குட்டிகள். ஸோயி கோல்ட்ஸ்பரோவும் சக ஆய்வாளர்களும் 2025இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்த முடிவு: இது தத்து இல்லை, கடத்தல். எல்லாமே நான்கு வாரம்கூட ஆகாத பச்சைக் குட்டிகள். பெற்ற ஊளைக் குரங்குகள் பக்கத்து மரங்களிலிருந்து குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன.

அந்த ஆண்கள் குட்டிகளைக் கடிக்கவில்லை, தின்னவில்லை, அடிக்கவும் இல்லை. பல நாள் பத்திரமாகவே சுமந்தன. ஒரு குட்டியை ஒன்பது நாள் வரை. ஆனாலும் குட்டிகள் செத்தன. நான்கு குட்டிகள் செத்தது கேமராவிலேயே தெரிந்தது. மற்றவையும் பிழைத்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. சில செத்த பிறகும் அவை சுமந்துகொண்டு திரிந்தன. ஏன் செய்தன என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்வது, அந்தத் தீவில் கபுச்சினைத் தின்னும் மிருகம் இல்லை, சாப்பாட்டுக்குப் பெரிய கஷ்டம் இல்லை, இளவட்டங்களுக்கு நேரம் நிறைய. ஒன்று ஆரம்பித்ததை மற்றவை பார்த்துப் பழகிக்கொண்டன. எனக்கு அந்தப் படங்களைப் பார்க்க இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு இடத்திலும் குட்டியை முதுகில் வைத்துக்கொள்ளும் ஆசை இருந்தது. ஆனால் பியாவியில் அந்தக் குட்டியைச் சுமந்தவை, குட்டி என்றால் என்ன, அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பெண் குரங்குகள். ஹிக்கரோனில் சுமந்தவை விடலை ஆண்கள். குட்டிகளோ பாலைத் தவிர வேறெதுவும் வயிற்றுக்குப் போகாத பருவம். ஆண்களால் பால் கொடுக்க முடியாது. இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் உயிர் போகிற வித்தியாசம்.

பாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முயல் தன் குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை போலத்தான் பால் கொடுக்கும். அந்தப் பால் கெட்டி, கொழுப்பு நிறைந்தது. மீதி நேரம் குட்டிகள் வளையில் தனியாகக் கிடக்கும். குரங்கின் பால் அப்படி இல்லை. தண்ணியாக இருக்கும், கொழுப்பு குறைவு. அதனால் குட்டி கொஞ்சம் கொஞ்சமாக, பகல் ராத்திரி பார்க்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் தாயோடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம்மூர் வைணவத்தில் மர்க்கட நியாயம் என்று சொல்வார்களே, குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்வதுபோல பக்தன் பகவானைப் பற்ற வேண்டும் என்று. பூனைதான் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும். அந்த உவமையைச் சொன்னவர்கள் குரங்கை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். பிறந்த அன்றைக்கே தாயின் வயிற்று மயிரைப் பிடித்துத் தொங்கும் பலம் குட்டிக்கு உண்டு. தாய் இரண்டு கையையும் கிளைக்குக் கொடுத்துத் தாவும்போதும் குட்டி விழாது.

அந்தப் பிடி பாலுக்காக மட்டும்தானா என்பதற்கு ஒரு பழைய, கொடுமையான பரிசோதனை இருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ செம்முகக் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொம்மைத் தாய்களோடு விட்டார். ஒன்று கம்பியால் செய்தது, அதில் பால் புட்டி. இன்னொன்று மெத்தென்ற துணி சுற்றியது, அதில் பால் கிடையாது. குட்டிகள் கம்பித் தாயிடம் குடித்துவிட்டு, நாள் முழுக்கத் துணித் தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. அந்தக் குட்டிகள் பட்ட பாட்டை நினைத்தால் அப்படி ஒரு பரிசோதனை நடந்திருக்கவே வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் அது காட்டியதை ஒதுக்கிவிடவும் முடியாது. அணைப்பு இல்லாமல் பால் போதாது. ஹிக்கரோன் காட்டியது மறுபாதி: பால் இல்லாமல் அணைப்பு போதாது.

சரி, ஒரே இனத்துக்குள், சொந்தக் கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது?

இங்கே குரங்குகளைக் குறைந்தது இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இலை தின்னும் நீண்ட வால் குரங்குகள், அதாவது அனுமன் குரங்கு போன்ற லங்கூர்கள், பிள்ளை விஷயத்தில் தாராளமானவை. அனுமன் குரங்குக்குக் குட்டி பிறந்த சில மணி நேரத்திலேயே கூட்டத்தின் மற்ற பெண்கள் வந்து வாங்கிக்கொள்ளும். பெரியவை சாம்பல் நிறம், குட்டி கருநிறம். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். தென்கிழக்கு ஆசியாவில் வெள்ளிநிற லங்கூர் இனத்தில் குட்டி ஆரஞ்சு நிறத்தில் தீக்கொழுந்து மாதிரி இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்த இனங்களில் பிறந்த குட்டி கூட்டத்துக்கே பொன்குஞ்சு. சித்தி, பெரியம்மா, அக்கா என்று கை மாறிக்கொண்டே இருக்கும். தாய் அந்த நேரத்தில் நிம்மதியாக இலை பறித்துத் தின்னும். இன்னும் தாயாகாத இளம் பெண்கள்தான் அதிக ஆர்வத்தோடு வாங்கும். தலைகீழாகப் பிடிக்கும், இழுக்கும், குட்டி கத்தும். அப்புறம் மெல்ல மெல்லப் பழகும். ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகளில் லின் ஃபேர்பேங்க்ஸ் கவனித்தது, இப்படி அடுத்தவர் குட்டியைத் தூக்கிப் பழகிய இளம் பெண்களின் முதல் குட்டி பிழைக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம் என்பது.

இதே அனுமன் குரங்கு இனத்தில்தான் வெளியிலிருந்து வரும் ஆண் பழைய தலைவனை விரட்டிவிட்டுக் கூட்டத்தைப் பிடித்ததும் பால்குடிக் குட்டிகளைக் கொல்வதும் நடக்கிறது. 1960களில் கர்நாடகத்தின் தார்வாட் பகுதியில் ஜப்பானைச் சேர்ந்த யுகிமாரு சுகியாமா இதை முதலில் பதிவு செய்தார். 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் சாரா ஹர்டி இதற்கு விளக்கம் தந்தார். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய் உடனே அடுத்த கர்ப்பத்துக்குத் தயாராகாது. குட்டி போய்விட்டால் தயாராகும். புதிய ஆணுக்குக் கூட்டத்தில் கிடைக்கும் காலமோ கொஞ்சம். அப்படித் தாக்க வரும் ஆணை எதிர்த்துப் பெண்கள், தாய் அல்லாதவையும்கூட, கூட்டாகச் சண்டைக்கு நிற்பதையும் அவர் பார்த்திருக்கிறார். பெண்களின் தாராளத்தைப் பேசும்போது ஆணின் இந்தக் கொடூரத்தையும் சொல்லாவிட்டால் குரங்கின் வாழ்க்கையைப் பாதியாக்கிக் காட்டியதாகும்.

அடுத்த வகை மக்காக்குகள். நாம் தினமும் பார்க்கும் நாட்டுக்குரங்கு, வடக்கே உள்ள செம்முகக் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைமந்தி எல்லாம் இதில் வரும். இவற்றில், முக்கியமாக செம்முகக் குரங்கில், பெண்களுக்குள் உசத்தி தாழ்த்தி கறாராக இருக்கும். அதனால் குட்டியை யாரிடமும் சுலபத்தில் கொடுக்காது. கொடுத்தால் திரும்பி வருமா என்பது நிச்சயம் இல்லை. உயர்ந்த இடத்தில் இருக்கும் பெண் ஒன்று வந்து குட்டியை எடுத்துக்கொண்டால், கீழே இருக்கும் தாய் கூடவே அலையும், பல்லைக் காட்டிக் கெஞ்சும், பிடுங்கத் துணியாது. எடுத்தவளிடம் பால் இல்லாவிட்டால் குட்டி பட்டினியில் போய்ச் சேரும். அடைத்து வைத்து வளர்த்த நாட்டுக்குரங்குக் கூட்டம் ஒன்றில் ஜோன் சில்க் 1980இல் இதைப் பற்றி எழுதியபோது கடத்தல் என்ற சொல்லையே பயன்படுத்தினார். கோயில் மண்டபத்தில் ஒரு குரங்கு இன்னொன்றின் குட்டியை மடியில் வைத்திருப்பதைப் பார்த்து "எவ்வளவு பாசம் பாரு" என்று பக்கத்தில் யாராவது சொல்லும்போதெல்லாம் நான் குட்டியை விட்டுவிட்டுத் தாயைத் தேடுவேன். தாய் எட்ட உட்கார்ந்து நிம்மதியாகப் பேன் பார்த்துக்கொண்டிருந்தால் சரி. பதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தால் அது வேறு கதை.

இந்தப் பேன் பார்ப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குட்டியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் பெண் முதலில் தாய்க்குப் பேன் பார்க்கும். கொஞ்ச நேரம் பார்த்த பிறகு மெல்லக் கை குட்டி பக்கம் போகும். தென்னாப்பிரிக்க பபூன்களிலும் இந்தோனேசியாவின் நீண்டவால் மக்காக்குகளிலும் இதை நேரம் குறித்துப் பார்த்திருக்கிறார்கள். கூட்டத்தில் குட்டிகள் குறைவாக இருக்கும்போது அதிக நேரம் பேன் பார்க்க வேண்டியிருந்தது, நிறைய இருந்தால் கொஞ்ச நேரமே போதும். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் சீர் கொண்டுபோகிற மாதிரி.

இரண்டு வகையையும் தாண்டி நிற்பது சீனாவின் தங்கநிறச் சப்பைமூக்குக் குரங்கு. ஹூபெய் மாநிலத்தில் ஷென்னோங்ஜியா மலைக்காடுகளில், பனி கொட்டும் குளிரில் வாழ்வது. அங்கே ஐந்து வருடம் 46 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்டார்கள். 100க்கு 87க்கு மேற்பட்ட குட்டிகள் பெற்ற தாயல்லாத இன்னொரு பெண்ணிடமும் பால் குடித்திருந்தன, பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று மாதங்களுக்குள். கொடுத்தவை பெரும்பாலும் பாட்டி, சித்தி மாதிரியான உறவுகள். என் பிள்ளைக்கு நீ கொடுத்தால் உன் பிள்ளைக்கு நான் என்ற கொடுக்கல் வாங்கலும் தெரிந்தது. இப்படி அடுத்தவர் பால் கிடைத்த குட்டிகள் கடும் குளிர்காலத்தைத் தாண்டுவது அதிகமாக இருந்தது. குரங்குகளில் அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுப்பது இவ்வளவு சகஜமாக இருக்கும் இனத்தை நான் வேறு கேள்விப்பட்டதில்லை.

ஆண்களை விட்டுவிடக் கூடாது. ஹிக்கரோன் விடலைகளை வைத்து ஆண் குரங்குகளையே தப்பாக நினைத்துவிடுவோம். ஜப்பானின் தகாசகியாமா மலையில் ஜூனிச்சிரோ இதானி 1950களில் பார்த்தது வேறு. பெண்கள் அடுத்த பிரசவத்தில் இருக்கும் பருவத்தில், போன வருடத்துக் குட்டிகளை வளர்ந்த ஆண்கள் கூட்டிக்கொண்டு திரிந்தன, கட்டிக்கொண்டன, சுமந்தன. அந்தக் குட்டிகளுக்கு வயது ஒன்று ஆகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பால் மறக்கும் வயது. அப்போது ஆணின் அணைப்பு உண்மையாகவே உதவுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்டின் டாய் (Taï) என்ற காட்டில் கிறிஸ்டோஃப் போஷ் குழு சிம்பன்சிகளில் அநாதைக் குட்டிகளைத் தத்தெடுத்த 18 நிகழ்வுகளை 2010இல் தொகுத்தது. அதில் பாதி ஆண்கள் எடுத்தவை. சிம்பன்சி வாலில்லாத வேறு கிளை, நாம் இங்கே பேசும் குரங்கு இல்லை. ஆனாலும் இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இப்போது நீங்கள் பார்த்த மாதிரி அநாதையான குட்டிக்கு வருகிறேன். மக்காக்குகளில் தாய் செத்தால் குட்டியை யார் எடுக்கிறது? பெரும்பாலும் ரத்த உறவு. மூத்த அக்கா, அண்ணன், சித்தி, பாட்டி. பெண் மக்காக்குகள் பிறந்த கூட்டத்தை விட்டுப் போகாததால் குட்டியைச் சுற்றி எப்போதும் தாய்வழிச் சொந்தம் இருக்கும். குட்டி பால் மறக்கும் பருவத்தைத் தொட்டிருந்தால் இந்தச் சொந்தம் போதும். ராத்திரி குளிருக்கு யாரோடாவது ஒட்டித் தூங்கும், பெரியவை தின்பதைப் பார்த்து எதைத் தின்னலாம் என்று கற்கும், சண்டையில் யாராவது அதற்காகக் குரல் கொடுக்கும். ஆனால் பிறந்து சில வாரமே ஆன குட்டி என்றால் பால் சுரக்கும் பெண் ஒன்று ஏற்றுக்கொண்டால் ஒழிய வழி இல்லை. சமீபத்தில் தன் குட்டியைப் பறிகொடுத்த தாய் கூட்டத்தில் இருந்து, அது இதை வாங்கிக்கொண்டால் பிழைக்கும். அப்படி நடப்பது உண்டு. அதை நம்பி இருக்கும் அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை.

குறுந்தொகையின் 69ஆம் பாட்டில் இதைப் பற்றி ஒரு காட்சி இருக்கிறது. கடுந்தோட் கரவீரன் பாடியது. தன் கடுவன் செத்துப்போக, கைம்மையைத் தாங்க முடியாத மந்தி, 'கல்லா வன்பறழ் கிளைமுதல் சேர்த்தி', அதாவது இன்னும் தொழில் கற்காத தன் வலிய குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, உயர்ந்த மலையிலிருந்து குதித்து உயிரை விடுகிறது. குதித்துச் சாவது கவிஞரின் கற்பனை. ஆனால் குட்டியைப் பற்றி அவர் சொன்ன மூன்று சொல்லையும் பாருங்கள். வன்பறழ்: உடம்பு தேறிய குட்டி, பச்சைக் குட்டி இல்லை. கல்லா: தாவவும் தேடித் தின்னவும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கிளைமுதல்: ஒப்படைத்தது சொந்தத்திடம். எந்த வயதுக் குட்டியை, யார் கையில் விட்டால் பிழைக்கும் என்று இன்று ஆராய்ச்சியாளர்கள் எழுதுவது இந்த மூன்று சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த மனிதர் குறிஞ்சி நிலத்தில் உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிழைத்தாலும் இழப்பு முழுசாக ஆறிவிடாது. கென்யாவின் அம்போசெலியில் 1971இலிருந்து பபூன்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். சின்ன வயதில் தாயை இழப்பது, வறட்சியில் பிறப்பது, கூட்டம் நெரிசலாக இருப்பது போன்ற கஷ்டங்களில் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்து அனுபவித்த பெண் பபூன்கள், கஷ்டமில்லாமல் வளர்ந்தவற்றைவிடச் சுமார் 10 வருடம் முன்னதாகவே செத்தன என்று 2016இல் எழுதினார்கள். சின்ன வயதில் தாயை இழந்த பெண், பெரிதாகித் தானே தாயானபோது அதன் குட்டிகளும் பிழைப்பது குறைவாக இருந்தது என்று 2019இல் சேர்த்தார்கள். சுற்றம் எடுத்து வளர்த்தாலும் தாய் கொடுத்தது எல்லாவற்றையும் சுற்றத்தால் கொடுக்க முடிவதில்லை.

இனி, பாசமா என்ற கேள்வி. ரத்த உறவைக் காப்பாற்றினால் தன் வம்சத்தின் ஒரு பங்கு பிழைக்கும், இளம் பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கப் பயிற்சி கிடைக்கும், பிரசவித்த உடம்பில் ஊறும் ஹார்மோன்கள் எந்தக் குட்டியைக் கண்டாலும் கை நீட்ட வைக்கும் என்று உயிரியல் மூன்று நான்கு காரணம் சொல்கிறது. எல்லாமே சரியான காரணங்கள். ஆனால் அவை அந்த ஆசை ஏன் உண்டானது என்பதற்கான பதில். அந்தக் குட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மந்தியின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. நம் வீட்டில் அம்மா பிள்ளையைத் தூக்குவதற்கும் அதே ஹார்மோன்தான் வேலை செய்கிறது, அதனால் அது பாசம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. செத்த குட்டியைத் தாய் நாள்கணக்கில் சுமந்து திரிவதைப் பல குரங்கினங்களில் பார்த்திருக்கிறார்கள். காய்ந்து சுருங்கிய பிறகும் கீழே வைக்காது. எந்த லாபக் கணக்கும் அதில் இல்லை. நான் பாசம் என்றே சொல்வேன். அந்தப் பாசம் மட்டும் இருந்து குட்டிக்கு என்ன தேவை என்ற அறிவோ, கொடுக்கப் பாலோ இல்லாதபோது என்ன ஆகும் என்பதை ஹிக்கரோன் சொல்கிறது. அதையும் சேர்த்தே சொல்வேன்.

கடைசியாக, அடுத்த தடவை அப்படி ஒரு குட்டியைப் பார்த்தால் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டுக் குட்டியைப் பிய்த்து எடுக்காதீர்கள். கூட்டம் அநேகமாகப் பக்கத்து மரத்திலேயே இருக்கும், நீங்கள் விலகக் காத்திருக்கும். வேறு வண்டி ஏறாமல் மட்டும் யாராவது தடுத்து நின்று, கொஞ்சம் தள்ளி இருந்து பாருங்கள். பக்கத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பசும்பால் ஊற்றாதீர்கள், அதற்கு வயிறு தாங்காது, புரையேறவும் செய்யும். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்க நினைக்காதீர்கள். சட்டப்படியும் தவறு, இரண்டு மூன்று வருடத்தில் பல் முளைத்து வளர்ந்த குரங்கை யாரும் ஏற்கவும் மாட்டார்கள், காட்டுக் கூட்டமும் சேர்க்காது. மலைப்பாதையில் குரங்குக்குப் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வீசும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அவை சாலையில் வந்து உட்காருவதே அதற்காகத்தான். வால்பாறையில் சோலைமந்திகள் தரையிறங்காமல் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்கிறார்கள், அவையும் அதில் ஏறிப் போகின்றன.

கூட்டத்திலிருந்து ஒரு மந்தி இறங்கி வந்து குட்டியை எடுத்துக்கொண்டால் அதன் மார்பைக் கவனியுங்கள். காம்பு நீண்டு சிவந்திருந்தால், அல்லது அதனிடம் சொந்தக் கைக்குட்டி ஒன்று இருந்தால், அதற்குப் பால் இருக்கலாம். மார்பு ஒட்டிக் கிடந்து குட்டியின் வாயில் பால் எதுவும் படாமல் இருந்தால், அல்லது எடுத்தது ஆணோ, இன்னும் பிரசவிக்காத பெண்ணோ என்றால், வரும் வனத்துறை ஆளிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.